மூன்றாம் நாள் சுற்று

அந்த மூன்றாம் நாள் காலையில் கோமு மைனி கோயிலை எத்தனை முறை சுற்றினாள்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. எண்ண வேண்டியவளே நான்தான் என்பதால் வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் உள்ளங்காலுக்கு அடியில் இருந்த கல்தான். ஆடி மாத விடியலில் சங்கரன்கோவில் கோயிலின் வெளிப்பிராகாரத்துக் கல் ஈரத்துணியை மிதித்தாற்போலக் குளிர்ந்து கிடக்கும். வெயில் ஏற ஏற வெதுவெதுத்து, பிறகு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கும்படி சுடத் தொடங்கிவிடும். நான் எழுந்து போனபோது கல் குளிர்ந்திருந்தது, திரும்பி வந்தபோது சுட்டது. நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று சொல்ல அதைத் தவிர வேறு கடிகாரம் என்னிடம் இல்லை.

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் எதற்கு வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சங்கரநாராயணரைப் பார்க்க, புற்றுமண் எடுத்துப் பூசிக்கொள்ள, எல்லாவற்றுக்கும் மேலாக ஆடித்தபசுக்கு. கொடியேறிய நாளிலிருந்து ரதவீதிகளில் வளையல் கடைகளும் ராட்டினங்களும், குருவிகுளம் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து வந்த மாட்டுவண்டிகளுமாக நடக்க இடம் இருக்காது. வந்தவர்கள் கோயிலையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ரதவீதியிலிருந்து இரண்டு தெரு மேற்கே தள்ளி, நாங்கள் குடியிருந்த பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. வரிசையாக வீடுகள் இருந்தன, வீடுகளுக்குள் பெண்கள் இருந்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கோமு மைனி. எங்களுக்கு அடுத்த வீடு. அண்ணன் முறை ஆகிறவரின் மனைவியை எங்கள் பக்கம் "மைனி" என்று சொல்வோம். அவள் கணவர் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். மாமியாரை நான் பெரியம்மை என்பேன். மைனி புளியங்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. இதைத் தெருவில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். ஆனால் பெயர் சூட்டும் வீடுகளில் தொட்டிலைச் சுற்றிப் பெண்கள் கூடும்போது, மைனிக்கு மட்டும் அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். அதைக் கவனிக்கிற வயது எனக்கு அப்போதே வந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது.

தபசுக்கு முன் கோயிலைச் சுற்றுவதை "ஆடிச்சுற்று" என்பார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனின் கால்வலியில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. அவரவர் நேர்ந்துகொண்ட கணக்குப்படி நூற்றொன்று, நூற்றெட்டு, ஐந்நூறு என்று சுற்றுவார்கள். பெரியம்மை மருமகளுக்காக நூற்றெட்டு நேர்ந்திருந்தாள். மூன்று நாள், நாளுக்கு முப்பத்தாறு. மற்றவர்கள் தாங்களே எண்ணிக்கொண்டு சுற்றுவார்கள். பெரியம்மை வீட்டு வழக்கம் வேறு. "சுத்துதவ எண்ணப்பிடாது. எண்ணுனா மனசு எண்ணத்துலதான் நிக்கும், அம்மன்கிட்ட நிக்காது" என்பாள். அதனால் வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை தூணடியில் உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு புளியமுத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்ற வேண்டும். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல் என்று என் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த வேலை என்னிடம் வந்தது.

எனக்கு அதில் வந்த சந்தோஷத்துக்குப் பக்தி காரணம் இல்லை. அதை இப்போதாவது ஒத்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். வாசற்படியில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் "பொம்பளப் பிள்ளைக்குத் தெருவுல என்னட்டி வேல" என்ற குரல் அடுப்படியிலிருந்து வந்துவிடும். என் தம்பிக்கு ஆறு வயது. அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று சாப்பாட்டு வேளைக்குத்தான் தேடுவார்கள். ஆடிச்சுற்று நாட்களில் மட்டும் நான் விடியலில் வெளியே போய்ப் பகலில் திரும்பலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

முதல் நாள் ஒன்பதரை மணிக்குச் சுற்று முடிந்தது. மைனி தரிசனத்துக்கு வரிசையில் நின்றாள். "நீ வீட்டுக்குப் போ வள்ளி" என்று என்னை அனுப்பினாள். நான் வீட்டுக்குப் போகாமல் எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் நுழைந்தேன். ஊரே கோயிலில் இருந்ததால் தெருவில் ஆள் இல்லை. ரதவீதியின் இரைச்சல் கூரைகளுக்கு மேலே எங்கோ கேட்டுக்கொண்டிருக்க, கீழே என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு வீட்டில் கதவு திறந்து கிடந்து, உள்ளே ஊஞ்சல் ஆளில்லாமல் லேசாக ஆடியது. நெசவாளர்கள் இருந்த தெருவில் நீலச் சாயம் தோய்த்த பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். குனிந்து அதற்கு அடியில் போனால் தண்ணீருக்குள் நடப்பது போல் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம் போனேன். இரண்டு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் தொடக்கூடிய ஒரு முடுக்கைக் கண்டுபிடித்தேன். அதன் கடைசியில் ஒரு கொடுக்காப்புளி மரம் சுவருக்கு மேல் சாய்ந்து நின்றது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் பசி வந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள்: "நாளைக்கு இளையரசனேந்தல்ல இருந்து சொந்தக்காரங்க வாராவ. சுத்து முடிஞ்சதும் நேரா வந்திரணும், கேட்டியா." அதோடு சுற்று முடிந்த பிறகு எனக்குக் கிடைத்துவந்த ஒரு மணி நேரம் போய்விட்டது.

மூன்றாம் நாள் நான் தூணடியில் உட்கார்ந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. கோயிலைச் சுற்றிக் கூட்டம் ஆறுபோல் போய்க்கொண்டிருந்தது. மைனி ஈரச் சேலையோடு தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டும்போதெல்லாம் நான் ஒரு முத்தை மாற்றினேன். வேறு ஊர்ப் பெண்கள்கூட என்னைக் கேலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். "ஏ கணக்குப்பிள்ள, எங்க சுத்தையும் சேத்து எண்ணுட்டி, ஒனக்குச் சீனிமிட்டாய் வாங்கித் தாரேன்" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே போக, கூட வந்தவள் "வேண்டாம் தாயி, அது பாதியிலயே ஒறங்கிரும்" என்றாள். பதின்மூன்று முத்துகள் மாற்றியிருந்தேன். மைனி ஒரு சுற்று சுற்றி வர ஏழெட்டு நிமிஷம் ஆகிறது, அதற்குள் ஓடிப்போய் அந்த மரத்தைத் தாண்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. வகுப்பில் கணக்கில் முதலாக வருகிற பெண்ணுக்கு அந்தத் தூரமும் நேரமும் ஒத்துவராது என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் போனேனோ என்னவோ.

மரத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. இன்னொரு தெரு, அதே போன்ற வீடுகள், அதே மூடிய கதவுகள். நான் அதற்குள் போனேன், அதிலிருந்து இன்னொன்றுக்குள் போனேன். கீழே விழுந்து கிடந்த கொடுக்காப்புளியைத் தின்றேன். ஒரு வீட்டுச் சன்னலில் ஒரு பெண் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. நீ யார் பிள்ளை, இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்காத முதல் பெரிய மனுஷி அவள்தான். அதற்காகவே அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பினால் எந்த முடுக்கு வழியாக வந்தேன் என்று தெரியவில்லை. சுவர்கள் உயரமாக இருந்ததால் கோபுரமும் தெரியவில்லை. சைக்கிளில் பால் கேனோடு வந்த ஒருவரிடம் கோயிலுக்கு வழி கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். "ஊர் ஊரா இருந்து சனம் தேடி வாரது அந்தக் கோயிலுக்குத்தான். நீ உள்ளூர்ல இருந்துக்கிட்டுத் தேடுதியாக்கும். இப்பிடியே நேராப் போ மக்கா."

திரும்பி வந்தபோது கல் சுட்டது. பைகள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. மைனி வந்தாள், என்னைப் பார்த்தாள், நிற்காமல் போனாள். அடுத்த சுற்றில் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, "எத்தன ஆச்சுட்டி?" என்றாள். அதற்கு முன் மூன்று நாளில் ஒருமுறைகூட அவள் அப்படிக் கேட்டதில்லை. "இருபத்தெட்டு" என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பதினைந்து முத்துகளை ஒரே பிடியாக அள்ளி மாற்றினேன். அது கூடவாக இருந்திருக்கலாம், குறைவாகவும் இருந்திருக்கலாம். மைனி இன்னும் எட்டுச் சுற்று நடந்தாள். முடிந்தபோது அவள் பாதத்தில் கொப்புளம் உடைந்து கல்லில் ஈரத்தடம் விழுந்தது. பெரியம்மை வந்து என்னிடம்தான் கேட்டாள். "முப்பத்தாறும் முடிஞ்சிட்டா?" "முடிஞ்சிட்டு" என்றேன். அவள் எனக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

இதோடு போயிருந்தால் இது ஒரு சின்னப்பிள்ளையின் பொய். அப்படித்தான் போகும் என்று நானும் நினைத்திருந்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். பெரியம்மை மகனுக்கு இரண்டாவதாகப் பெண் பார்க்கிறாள் என்று தெருவில் பேச்சு வந்தது. சட்டம் அதை ஒத்துக்கொள்ளாது என்று பின்னாளில் நான் கல்லூரியில் படித்தேன். எங்கள் தெருவில் அதை யாரும் சொன்னதாக நினைவில்லை. செய்தி கேட்டு மைனியின் அண்ணன் புளியங்குடியிலிருந்து ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். ஒரு சாயங்காலம் அடுத்த வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் போனோம். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனியின் அண்ணன் நின்றுகொண்டே, "இந்த ஒரு ஆடி மட்டும் பொறுங்க அத்த. இன்னொருதரம் சுத்தட்டும். அதுக்குப் பெறகு ஒங்க இஷ்டம், நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பெரியம்மை கெட்டவளாகப் பேசவில்லை. நியாயமாகப் பேசுகிறவளாகத்தான் பேசினாள். "நேந்த சுத்துல கொறை இருந்தா மறுபடி சுத்தட்டும், நான் வேண்டாங்கல. கொறை வச்சது நாம, அம்மன் மேல தப்பில்ல. ஆனா சுத்து நெறஞ்சும் அவ கண்ணத் தொறக்கலன்னா, அதுதான் அவ சொல்லுத பதில். அதுக்கு மேல காத்துக் கெடக்க என்ன இருக்கு? எண்ணுனது இந்தப் பிள்ள. அதுகிட்டயே கேப்போம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மைனி அன்று முதல்முறையாக வாய் திறந்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு மக்கா. தப்பா இருந்தாலும் ஒன்ன யாரும் ஏச மாட்டாவ."

அவளுக்குத் தெரிந்திருந்தது. தூணடி வெறுமையாக இருந்ததை எத்தனை சுற்றில் பார்த்திருப்பாளோ. ஆனால் அவளே அதைச் சொன்னால், தப்பிப்பதற்குச் சொல்லுகிறாள் என்பார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். நான் சொன்னால் மட்டும்தான் அது எடுபடும். இதெல்லாம் இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கியது வேறு. போனேன் என்று சொன்னால், எங்கே போனாய் என்று கேட்பார்கள். தெருத்தெருவாகத் தனியாகச் சுற்றினேன் என்று தெரிந்தால் அம்மா அடிப்பாள், அதற்கு மேல் வாசற்படியும் கிடையாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிமிர்ந்து நின்றிருந்தாள். "எம்பிள்ள கணக்குல பிசகாது" என்றாள், யாரும் கேட்காமலே.

"முப்பத்தாறும் சரியா இருந்துச்சு பெரியம்மை" என்றேன்.

மைனியின் அண்ணன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மைனி உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். சாயங்காலம் அவள் போகிற நேரம்தான் அது.

சித்திரையில் மேளமில்லாமல் கல்யாணம் நடந்தது. வந்தவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். மைனி ஒரு மாதம் இருவருக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு புளியங்குடிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் புதுப்பெண்ணுக்கும் நூற்றெட்டுச் சுற்று நேர்ந்தார்கள். எண்ணுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு. இன்னும் வயதுக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் நான் தூணை விட்டு அசையவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. நூற்றெட்டு, ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். அவளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. அண்ணாச்சியைச் சுற்றச் சொல்லி யாரும் நேர்ந்துகொள்ளவில்லை.

ஆகவே குழந்தைக்கும் என் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். பி.ஏ. படித்திருக்கிறேன், இதுகூடத் தெரியாமலா. என் கணவரிடம் ஒருமுறை சொன்னபோது, "மூடநம்பிக்கையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மைனி என்னிடம் கேட்டது குழந்தையை இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் கேட்டது இன்னும் ஒரு ஆடி. அது என் வாயில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. ஒரு வருஷத்தில் என்ன மாறியிருக்கும் என்று கேட்டால், ஒன்றும் மாறாமல் போயிருக்கலாம். ஆனால் அது அவளுடைய வருஷம்.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் குடியிருக்கிறோம். போன மாதம் ஐந்து வயது மகளோடு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். பஸ் புளியங்குடியில் நின்றது. எலுமிச்சை மார்க்கெட்டில் காய் பிரிக்கிற பெண்கள் நாலைந்து பேர் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். அதில் ஒருத்தி சன்னலுக்கு அருகே வந்து, "ஏட்டி, வள்ளிதான நீ?" என்றாள். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது, விரல் நுனியெல்லாம் எலுமிச்சைச் சாற்றில் தோல் உரிந்திருந்தது. குரல் மாறவில்லை.

"இது ஒம் மகளா? ஒன்ன உரிச்சு வச்சிருக்கு. பள்ளிக்கூடம் போறாளா? தெருவுல விளையாட விடுதியா, இல்ல ஒங்கம்ம மாதிரிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கியா?"

நான் சிரித்து வைத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். மைனி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நாலு எட்டு நடந்தாள். "அன்னைக்கு எங்கனட்டி போன?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டாளா, வேடிக்கையாகக் கேட்டாளா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பஸ் வேகமெடுத்துவிட்டது.

ஊருக்குப் போய், மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, அந்தத் தெருக்களுக்குள் நடந்து பார்த்தேன். கொடுக்காப்புளி மரம் நின்ற இடத்தில் தபசுக்கு வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். பாவு இழுத்த தெருவில் விசைத்தறிகளின் சத்தத்தில் என் காலடி எனக்குக் கேட்கவில்லை. பெரியம்மை இறந்துவிட்டாள்; அந்த வீட்டை விற்று அண்ணாச்சியும் இரண்டாவதாக வந்தவளும் எங்கேயோ போய்விட்டார்களாம். சன்னலில் முடி உலர்த்திய பெண்ணின் வீடு எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மைனியை ஒரு வருஷத்தையும் ஒரு வீட்டையும் இழக்க வைத்த அந்த நேரத்தில் நான் பார்த்ததில் இன்று ஒரு செங்கல் மிச்சமில்லை. எங்கே போனேன் என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவதற்குக்கூட இடமில்லை.

அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அம்மா "அவ மறந்திருப்பா. நீ போய்க் கெளறாத" என்றாள். மறந்தவள் அப்படிக் கேட்பாளா? அல்லது பழகிய பிள்ளையிடம் சும்மா கேட்ட ஒரு கேள்வியை நான்தான் இவ்வளவு பெரிதாக்கிக்கொள்கிறேனா? போய்ச் சொன்னால் அவளுக்கு ஆறுதலா, அல்லது என் மனப்பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு நான் நிம்மதியாக வருவதற்கு அது ஒரு வழியா? இப்படியே ஒரு மாதம் போய்விட்டது. இதற்கு நடுவில் என் மகள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகிறேன் என்று தினமும் கேட்கிறாள். நான் இன்னும் அனுப்பவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைவிட வயதும் அனுபவமும் உள்ள பெண்கள் இருப்பீர்கள். மைனியின் இடத்தில் இருந்து பார்த்தவர்களும் இருக்கக்கூடும். உங்களைத்தான் கேட்கிறேன். புளியங்குடிக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், போகத்தான் வேண்டும் என்று பாதி மனது சொல்கிறது. போவதென்றால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா? கூட்டிக்கொண்டு போனால் அவள் கண்முன் என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியதாக ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிட்டுப் போனால், அவள் கண் படக்கூடாது என்று மறைத்துவிட்டு வந்தேன் என்று நினைப்பாளோ என்றும் இருக்கிறது. எது சரி என்று யாராவது எழுதுங்கள்.